பொய்ப் புகார் கொடுத்தவரை உள்ளே தள்ளினால் பெற்றோருக்குப் பாதுகாப்பு வந்துவிடுமா?

தாழ்வாரம்:
எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது நடந்தது. குழந்தைகள் காப்பகத்தில் உடை மாற்றிய யாரோ, அவள் இடுப்புக்குக் கீழே நீலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நாங்கள் அடிக்கிறோம் என்று புகார் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி எட்டரைக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். என்ன புகார் என்று கேட்டால், "அதை இப்போது சொல்ல முடியாது, முதலில் குழந்தையைக் காட்டுங்கள்." தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, விளக்கைப் போட்டு, துணியை விலக்கிப் படம் எடுத்தார்கள். அவள் அழக்கூட இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அது பிறவியிலேயே வரும் நீலத்தடம். நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும், சில வருடங்களில் தானாக மங்கிவிடும். அடிபட்ட காயம் நாளுக்கு நாள் நிறம் மாறும், இது மாறாது. எங்களைக் காப்பாற்றியது சட்டம் இல்லை. பிறந்த பதினோராம் நாள் என் அம்மா எடுத்த ஒரு போட்டோ. அதில் அதே தடம், அதே இடத்தில். அந்தப் படம் இல்லாதிருந்தால்?

பொய்ப் புகார் கொடுப்பவருக்குக் கட்டாயச் சிறை வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வெண்பலகை:
படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கேட்கிறேன், உங்கள் கதையில் பொய் சொன்னது யார்? நீலமாக இருந்தது, நீலமாக இருக்கிறது என்றார். தப்பாகப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் சட்டம் வந்தால் முதலில் உள்ளே போவது அவர்தான்.

நான் பத்தொன்பது வருடம் பள்ளியில் இருந்தவள். ஒரு பையன் பெஞ்சில் முதுகைச் சாய்க்காமல் நுனியிலேயே உட்கார்ந்திருப்பான். கவனித்தும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். நாம் தப்பாக நினைத்துவிட்டால் ஒரு குடும்பம் நாசமாகுமே என்ற பயம். கடைசியில் சொன்னேன், என் சந்தேகம் சரியாகவே இருந்தது. அந்த மூன்று வாரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜெயில் பயமும் சேர்ந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

ஒற்றைக்கொம்பு:
மேடம், நீங்கள் பேசுவது நல்ல எண்ணத்தில் சொல்பவர்களைப் பற்றி. என் அண்ணன் விவகாரத்தில், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கின் விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் முதல் புகார் வந்தது. பெயர் சொல்லாத போன். அதை விசாரித்து மூடினார்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் இன்னொன்று. மொத்தம் நான்கு, நான்கும் மூடப்பட்டவை. ஆனால் ஒவ்வொன்றும் விசாரணையில் இருந்த காலம் முழுக்க, பக்கத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்க, வாரம் ஒரு மணி நேரம்தான் மகனைப் பார்க்க முடிந்தது. பதினான்கு மாதம் இப்படியே போயிற்று. இதையும் தெரியாமல் செய்த தவறு என்பீர்களா?

பழைய வக்கீல்:
இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். சட்டமும் இதை இரண்டாகத்தான் பார்க்கிறது. நல்லெண்ணத்தில் சொன்னவருக்குப் பாதுகாப்பு, தெரிந்தே பொய் சொன்னவருக்குத் தண்டனை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான இந்தியாவின் போக்சோ சட்டம் (2012) 19வது பிரிவில் முதலாவதைச் சொல்கிறது. 22வது பிரிவில் இரண்டாவது வருகிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அவமானப்படுத்த, மிரட்ட, பணம் பறிக்க, பெயரைக் கெடுக்க என்ற நோக்கம் மட்டுமே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். அந்த "மட்டுமே"யைத் தாண்டுவது லேசு இல்லை. பொய்யைச் சொன்னது குழந்தை என்றால் தண்டனையே கிடையாது, அது சரியும்கூட. அமெரிக்காவிலும் குழந்தை வதையைத் தடுக்க வந்த 1974ஆம் வருடக் கூட்டாட்சிச் சட்டத்தை ஒட்டி, நல்லெண்ணத்தில் புகார் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

ஆகத் தண்டனை காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தாழ்வாரம் சாருக்கு அன்றிரவு அதனால் என்ன லாபம்? பெற்றோருக்கு உண்மையில் கை கொடுப்பது நடைமுறைதான். இங்கிலாந்தின் கிளீவ்லேண்டில் 1987இல் சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாலியல் வதை என்ற சந்தேகத்தில் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். இரண்டு டாக்டர்கள் பெரிதும் நம்பியது ஒரே ஓர் உடல் அறிகுறியை. பெரும்பாலான குழந்தைகள் பிறகு வீடு திரும்பினார்கள். நீதிபதி பட்லர்-ஸ்லாஸ் விசாரணை அறிக்கை 1988இல் வந்தது, அடுத்த வருடமே புதிய குழந்தைகள் சட்டம். அதற்கு முன் அவசர உத்தரவில் 28 நாள் வரை குழந்தையை வைத்துக்கொள்ளலாம். அது 8 நாளாகக் குறைந்தது, நீட்டித்தால் இன்னும் 7. யாரையும் ஜெயிலில் போடாமலே கிடைத்த பாதுகாப்பு இது.

வெண்பலகை:
கிளீவ்லேண்டை எல்லோரும் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகளில் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், கூச்சலில் அவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. "வீடு திரும்பியது" என்றால் "எதுவும் நடக்கவில்லை" என்று அர்த்தம் இல்லை வக்கீல் சார்.

பழைய வக்கீல்:
ஒப்புக்கொள்கிறேன். மூடிய புகாரெல்லாம் பொய்ப் புகாரும் இல்லை.

ஒற்றைக்கொம்பு:
சரி, தண்டனையை விடுங்கள். பெயரில்லாத போனையாவது நிறுத்தலாமே? டெக்ஸாஸில் 2023இல் நிறுத்திவிட்டார்கள். பெயர் சொன்னால்தான் புகார். முதல் சந்திப்பிலேயே பெற்றோருக்கு அவர்கள் உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்றும் அதே வருடம் சட்டம் வந்தது. உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லையே.

வெண்பலகை:
அலுவலகத்துக்கு மட்டும் பெயர் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது என்றால் எனக்குச் சம்மதம். ஆசிரியர்கள் எப்படியும் பெயரோடுதான் சொல்கிறோம். ஆனால் அடிப்பவரின் கூரையின் கீழேயே வாழும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். பெயர் ரகசியமாகவே இருக்கும் என்று எவ்வளவு சொன்னாலும் நம்புவாரா? போனைக் கீழே வைத்துவிடுவார். உங்கள் அண்ணனுக்கு நடந்தது அநியாயம். அதற்காக அந்தப் பாட்டியின் வாயை அடைக்க என்னால் முடியாது.

ஒற்றைக்கொம்பு:
பாட்டிக்காக என் அண்ணன் பதினான்கு மாதம் கொடுத்தது போதாதா?

தாழ்வாரம்:
கொஞ்சம் யோசித்தேன். வெண்பலகை மேடம் சொன்னது சுருக்கென்று தைத்தது. அவர் பொய் சொல்லவில்லைதான். இன்னொரு சந்தேகம். எங்களுக்கு வந்த கடிதத்தில் "போதிய ஆதாரம் இல்லை" என்றுதான் இருக்கிறது, "நடக்கவில்லை" என்று இல்லை. எங்கள் பெயர் எங்கேயாவது ஒரு கோப்பில் கிடக்குமா?

பழைய வக்கீல்:
கிடக்கலாம். கலிபோர்னியாவில் ஒரு தம்பதி குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றமே அறிவித்த பிறகும், குழந்தை வதை மையப் பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது. நீக்கச் சொல்லிக் கேட்க வழியே வைக்கவில்லை. அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2008இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் கடிதத்தோடு விடாதீர்கள். பதிவு இருக்கிறதா, எத்தனை வருடம் இருக்கும், நீக்க யாரிடம் மனு கொடுப்பது, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குற்றவியல் வழக்கில் விடுதலையாகிவிட்டால் குழந்தை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குடும்ப நீதிமன்றத்தின் அளவுகோல் பல நாடுகளில் வேறு. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் பார்ப்பார்கள். பெற்றோர் உரிமையையே நிரந்தரமாகப் பறிக்க அந்த அளவு போதாது, தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் சான்டோஸ்கி வழக்கில் சொன்னது. அதிகாரிகள் இப்படி வாசலில் வந்து நிற்கும்போது கத்தாதீர்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், உடல் அறிகுறிதான் ஆதாரம் என்றால் வேறொரு டாக்டரின் கருத்தை உடனே கேளுங்கள். அவர்கள் போனதும் நடந்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள்.

வெண்பலகை:
தாழ்வாரம் சார், மகளை அதே காப்பகத்துக்குத்தான் அனுப்புகிறீர்களா?

தாழ்வாரம்:
வேறு வழியில்லை, அனுப்புகிறோம். யார் புகார் கொடுத்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒருவர், மகளை என்னிடமிருந்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். மகள் அவரிடம்தான் ஓடிப் போகிறாள்.

ஒற்றைக்கொம்பு:
அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே.

தாழ்வாரம்:
கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?