ஈச்சிலம்பற்றில் ஞாயிறு வகுப்பெடுக்க யாராவது வருவீர்களா?

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தொலைக்கல்வியில் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். புத்தகம் கையில் இருக்கிறது, விளங்காததைக் கேட்கத்தான் ஆளில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அங்கே பாதைக்கு, அதாவது வாகனங்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவைக்கு, காத்துக்கிடக்கும் பாடு போனது உண்மைதான். ஆனாலும் பின்னேர பஸ்ஸை விட்டால் திருகோணமலையிலேயே தங்கவேண்டும். பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். சூம் வகுப்பென்றால் சிக்னல் பாதியில் போய்விடும்.

போன ஒப்படையில் ஒரு பிள்ளை நியம விலகலை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவை) சரியாகக் கணித்துவிட்டு, அது எதைக் காட்டுகிறது என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடம் சொன்னால் தீர்கிற விஷயம்!

மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து புள்ளிவிபரவியலோ ஆங்கிலமோ சொல்லித்தர முடியுமா? ஆசிரியர்தான் வேண்டுமென்றில்லை, பட்டம் முடித்தவர்களும் சரி. வாசிகசாலையில் இடம் கேட்டிருக்கிறோம். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. எந்தப் பாடம், எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள்.