டக்டேல்ஸ்: கீழ் அம்பை அழுத்தாதவர்கள் பேசலாமா?

செந்தூல் பழசு: நேற்று ஒருவர், "டக்டேல்ஸ் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, ஒரே மாலையில் முடித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். எந்த டக்டேல்ஸ்? கேப்காம் நிறுவனம் 1989இல் வெளியிட்ட பழைய வீடியோ விளையாட்டா, 2013இல் மெருகேற்றி வந்ததா? பழையதில் நாம் ஆட்டுவிக்கும் வாத்துத் தாத்தா ஸ்க்ரூஜ் கைத்தடியை ஊன்றிக் குதிக்க வேண்டுமானால், தாவிய பிறகு கீழ் அம்பையும் பி பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். புதியதில் ஒரே பொத்தான் போதும்.

ஆயர் ஈத்தாம் வாசி: எழுதியவன் நான்தான் அண்ணே. கார்ட்டூன் வாத்தை வைத்துச் செய்தது சிறுவர் விளையாட்டு இல்லாமல் வேறென்ன? புதியதிலும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தெரியுமா?

செந்தூல் பழசு: தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா?

ஆயர் ஈத்தாம் வாசி: அதுவா முக்கியம்? நிலாக் கட்டத்தின் இசையைப் பற்றிப் பேசலாமே.

செந்தூல் பழசு: ஹிரோஷிகே தோனோமுரா அமைத்த இசைக்குப் பின்னால் ஒளியாதீர்கள். கீழ் அம்பை அழுத்தினீர்களா, இல்லையா?

கிள்ளான் சாலைக்காரி: இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா? பழையதிலேயே எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலைகள் இருந்தன. செந்தூல் சார் எதில் விளையாடினார் என்று இதுவரை வாய் திறக்கவில்லை.

செந்தூல் பழசு: எந்த நிலையானாலும் உயிர்கள் தீர்ந்தால் முதலிலிருந்துதான் அம்மா. விட்ட இடத்தில் தொடரும் வசதி கிடையாது. இமயமலையில் பனிமேல் தடியோடு குதித்தால் தாத்தா அப்படியே புதைந்து நிற்பார். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பனியை நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன்.

ஆயர் ஈத்தாம் வாசி: பெருமைக்குச் சொல்லவில்லையாம்! அண்ணன் மைக்ரோ ஜீனியஸ் விளையாட்டுப் பெட்டியில் விளையாடியவர். அதன் கைப்பிடியில், தானாகவே படபடவென்று அழுத்திக்கொடுக்கும் டர்போ பொத்தான் இருந்ததை ஏன் மறைக்கிறார்?

செந்தூல் பழசு: பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய பொத்தானுக்கு டர்போ எதற்கு? இதிலிருந்தே தெரிகிறது, நீங்கள் பழையதைத் தொட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்கிறேன். கடைசிச் சண்டை எங்கே நடந்தது?

ஆயர் ஈத்தாம் வாசி: எரிமலையில்.

செந்தூல் பழசு: வெசூவியஸ்! அது 2013இல் புகுத்தியது. பழையதில் டிரான்சில்வேனியாவுக்கே திரும்பிப் போக வேண்டும். நிலா, அமேசான், ஆப்பிரிக்கச் சுரங்கம் எல்லாம் முடித்த பிறகு!

ஆயர் ஈத்தாம் வாசி: எரிமலையில் முடித்தாலும் முடித்தது முடித்ததுதான். ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்தவர் கார்ட்டூனில் பேசிய அதே ஆலன் யங். உங்கள் பெட்டியில் வாத்து ஒரு வார்த்தையாவது பேசியதா? கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சுங்கை வாங் பேரங்காடியில் வாங்கினால்தான் விளையாட்டு.

கிள்ளான் சாலைக்காரி: ஊரை இழுக்காதீர்கள். சுங்கை வாங்கில் நான் வாங்கிய டக்டேல்ஸ் கேட்ரிட்ஜை இந்தச் செந்தூல்காரர்தான் இரவல் வாங்கிப் போனார். சுரங்கத்தின் சாவி டிரான்சில்வேனியாவில் இருப்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

செந்தூல் பழசு: அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிள்ளான் சாலைக்காரி: அட்டைப் பெட்டியைக் கொடுத்தீர்கள். உள்ளே கால்பந்து விளையாட்டு இருந்தது.

செந்தூல் பழசு: பேச்சை மாற்ற வேண்டாம். ஆயர் ஈத்தாம் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. அழுத்தினாரா, இல்லையா?

ஆயர் ஈத்தாம் வாசி: பினாங்குக்கு வாருங்கள், நேரில் காட்டுகிறேன்.

செந்தூல் பழசு: வருகிறேன். உங்கள் கைப்பிடியை எடுத்து வையுங்கள், கீழ் அம்பு கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே பளபளப்பாக இருக்கும்.

கிள்ளான் சாலைக்காரி: போகும் வழியில் என் வீட்டில் கேட்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.