புதுப்பிப்பு: பினாங்கிலிருந்து கேஎல் (கோலாலம்பூர்) வந்தாச்சு

பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு கேஎல் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் "சம்பளம் கூடும், போ" என்றீர்கள். மீதிப் பேர் "வாடகையே விழுங்கிவிடும்" என்றீர்கள். வந்துவிட்டேன்.

வாடகை பற்றிச் சொன்னவர்கள் கையைக் கொடுங்கள். கேஎல்லில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் நண்பனோடு சேர்ந்து வீடு எடுத்தேன். இரண்டு மாத முன்பணம், தண்ணீருக்கும் கரண்டுக்கும் சேர்த்து அரை மாத வாடகை முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. சாவி கைக்கு வருவதற்குள் மூன்றரை மாத வாடகை போய்விட்டது. சேமிப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கொஞ்சம் ஈடுகட்டுவது ரயில்தான். மலேசியர்களுக்கு மாதம் 50 ரிங்கிட் மை50 பாஸில் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் என்ற நகர ரயில்கள், ரேபிட் பஸ் எல்லாம் அடக்கம். கேடிஎம் (தேசிய ரயில் நிறுவனம்) ரயில்கள் இதில் சேராது. பினாங்கில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் நடக்காது. இங்கே அது தூசி படிந்து நிற்கிறது.

பினாங்கின் நாசி கண்டார் (கறிக்குழம்புச் சோறு)? அதைக் கேட்காதீர்கள், வயிற்றெரிச்சல்.

அம்மாவைப் பார்க்க கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் நாலு மணி நேரம் சொச்சம், அப்புறம் தீவுக்கு ஃபெரி. தீபாவளி டிக்கெட்டை மட்டும் விற்பனை தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள்.