பிரெஸ் ப்ளூ: வெள்ளைத் தோலையும் சேர்த்தா சாப்பிடுவது?

மதுரைக்காரன்:
பிரான்சில் லியோனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ரோக்ஃபோர் சீஸை ஒருமுறை கேன்டீனில் தயிர்ச்சோறு அளவுக்கு அள்ளி வாயில் போட்டு, உப்பும் காரமும் காதுவரை ஏறியது. அதோடு, உள்ளே நீலப் பூஞ்சை வளர்த்துச் செய்யும் இந்த நீலச் சீஸ் பக்கமே போகவில்லை. போன சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில், இருப்பதிலேயே சாதுவாகத் தெரிந்த பிரெஸ் ப்ளூவை எடுத்துவிட்டேன். மூன்று யூரோகூட ஆகவில்லை. பிரெஸ் என்பது லியோனுக்கு வடக்கே உள்ள ஒரு வட்டாரம்; அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குக் கோழிதான் ஞாபகம் வந்தது. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியையே போர்த்திக்கொண்டு திரியுமே, அந்தக் கோழி. அதே ஊர்ப்பக்கம்தான் இந்தச் சீஸும்.

வந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டில், அதாவது குளிரில், ஒரு துண்டு தின்றேன். ஏமாற்றம். உப்பு போட்ட வெண்ணெய் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மிச்சத்தை மேஜையிலேயே மறந்துவிட்டு அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் தளர்ந்து கத்தியில் ஒட்டுகிறது. இப்போது வேறு சீஸ்! முதலில் பாலேடு, அப்புறம் மழைக்காலக் காளான் வாசம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு சுருக். நீலம் விழுந்த இடத்தில் மட்டும் பித்தளை டம்ளரில் மோர் குடித்த மாதிரி ஒரு களிம்பு ருசி. சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சந்தேகம் இதுதான்: மேலே இருக்கிற வெள்ளைத் தோலைச் சீவி எறிந்தேன். சாப்பிட வேண்டியதா அது? மூன்று நாளில் வெட்டிய இடத்தில் நீலம் கூடியிருக்கிறது. தூக்கிப் போடவா?

லாஷப்பல் அக்கா:
ஐயோ தம்பி, தோலை எறியாதேங்கோ! பாதி ருசி அதிலதான் இருக்கு. கமாம்பேர் எண்ட சீஸிலயும் இதே மாதிரி வெள்ளைத் தோல் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் சாப்பிடுறது. வெட்டின முகத்தில நீலம் கூடுறது வழமை, பயப்பட வேண்டாம். ரோஸ், ஆரஞ்சு நிறத்தில பூஞ்சை வந்தால், இல்லாட்டி மூக்கை அடிக்கிற மாதிரி அமோனியா மணம் வந்தால் மட்டும் எறியுங்கோ. பிளாஸ்டிக் தாளில இறுக்கிச் சுத்தாமல் அதே காகிதத்தில மடிச்சு, மரக்கறித் தட்டில வையுங்கோ. வீட்டில கர்ப்பிணி ஆராவது இருந்தால் அவைக்குக் குடுக்காதேங்கோ. பாஸ்டரைஸ் செய்த பால் எண்டாலும் மென்மையான நீலச் சீஸில லிஸ்டீரியா எண்ட நோய்க்கிருமி வளரலாம்.

உறைமோர்:
இதில் இரண்டு பூஞ்சை வேலை செய்கிறது. வெளியே வெள்ளைத் தோலாகப் படர்வது ஒன்று, உள்ளே நீலமாக வளர்வது இன்னொன்று. ரோக்ஃபோரில் இருக்கும் நீலமும் இதே ஜாதிதான், ஆனால் அங்கே செம்மறியாட்டுப்பால், உப்பும் அதிகம். இங்கே மாட்டுப்பால், சாது.

மேஜையில் வைத்ததும் ருசி மாறியதற்குக் காரணம் எளிது. நீலப் பூஞ்சை கொழுப்பை உடைத்துத்தான் அந்த வாசனையை உண்டாக்குகிறது. குளிரில் கொழுப்பு இறுகிக் கிடக்கும்போது வாசனை வெளியே வராது. வெண்ணெய் காய்ந்தால்தானே நெய் மணக்கிறது?

இது பழங்காலத்துச் சீஸ் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தாலியின் கோர்கோன்ஸோலா என்ற நீலச் சீஸைப் பார்த்து அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய சீஸ் செய்தார்கள். அதை வீட்டுக்கு அடங்குகிற அளவில் சின்னதாக்கி, 1951இல் சேர்வா என்ற ஊரில் ஆரம்பித்ததுதான் பிரெஸ் ப்ளூ.

காய்கறி மட்டும்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இது சைவமா?

உறைமோர்:
பால் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பது பிரான்சில் வழக்கம். அட்டையில் தெளிவாகப் போட்டிருந்தாலொழிய நம்பி வாங்காதீர்கள்.

மதுரைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தோலோடு சாப்பிட்டேன். அக்கா சொன்னது சரிதான், காளான் வாசம் முழுக்க அதில்தான் இருந்திருக்கிறது. மூன்று நாளாகக் குப்பைக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆபீஸில் பிரெஸ் பக்கத்து ஊரான பூர்க்-அன்-பிரெஸ்காரர் ஒருவர் பேரிக்காயோடு சாப்பிடச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்கு ஒரு கிறுக்கு யோசனை: ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை நகக்கண் அளவு உடைத்து மேலே வைத்தேன். அந்தப் பித்தளை ருசி போன இடம் தெரியவில்லை! தோசைக்கல்லில் போட்டது மட்டும் பெரிய தப்பு. உருகி ஓடி எண்ணெய் பிரிந்து, உப்பு மட்டும் மிஞ்சியது.

லாஷப்பல் அக்கா:
கருப்பட்டியோ! நாங்கள் பனங்கட்டி எண்டு சொல்லுவம். வீட்டில இருக்கு, இண்டைக்கே பாக்கிறன். அடுத்த முறை ஃபூர்ம் தாம்பேர் எண்ட நீலச் சீஸ் வாங்குங்கோ தம்பி, அதுவும் சாதுதான்.