எரவாணத்தில் செருகிய குச்சி

மூலனூர்ப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடும் பணியாளர்களுக்குப் பொறுப்பாளராக நான் சேர்ந்தபோது, மேலிடம் என்னிடம் கேட்ட கணக்கு இரண்டுதான்: மாதத்துக்கு எத்தனை ஊசி, அவற்றில் எத்தனை சினை. அந்த இரண்டிலும் நாங்கள் நல்ல பெயர் வாங்கியிருந்தோம். மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் கிடக்கும் உறைவிந்துக் குச்சியை, அதாவது காளையின் விந்து அடைத்த மெல்லிய பிளாஸ்டிக் குழலை, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்த பிறகே செலுத்த வேண்டும் என்று ஒவ்வொருவருடனும் நின்று பழக்கினேன். (அதற்கு முன் குச்சியைச் சட்டைப் பையில் போட்டு உருக்கியவர்களும் உண்டு.)

ஒரு நாள் காலை, தோட்டத்துக் கட்டுத்தறி ஒன்றில் ஜெர்சிக் கலப்பினக் கிடேரிக்கு ஊசி போட எங்கள் பணியாளருடன் போயிருந்தேன். அவர் குச்சியை உருக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் கூரை எரவாணத்தில் செருகியிருந்த பழைய குச்சி ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். "ஏனுங்க தம்பி, இது இந்தக் கெடேரியோட ஆத்தாளுக்குப் போட்ட குச்சிங்க. ரண்டுலயும் ஒரே நம்பருங்களா?" என்றார். புகையேறிப் பழுப்பாகியிருந்த அந்தக் கால் மில்லிக் குச்சியில் காளையின் எண் இன்னும் தெரிந்தது. இரண்டும் ஒன்றேதான். தகப்பனையே மகளுக்குச் சேர்க்கப் போயிருக்கிறோம். பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்வதன் அளவு) 25 சதவீதம்.

உருக்கிய குச்சியை மறுபடி உறைய வைக்க முடியாது. கேனில் வேறு காளையும் இல்லை. குச்சியை வீசிவிட்டு, அடுத்த பருவத்துக்கு 21 நாள் பொறுக்கச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு அது நட்டம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் பதிவேடுகளைப் புரட்டினேன். ஊசி போட்ட தேதி இருந்தது, விவசாயி பெயர் இருந்தது, கிடேரியின் தகப்பன் யார் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ஒரே காளையின் குச்சிகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருந்ததை நானும் கவனித்திருக்கவில்லை. மறுநாள் பணியாளர்களை அழைத்து, பிழை என்னுடையது என்று சொல்லி, தகப்பன் எண்ணுக்கு ஒரு கட்டம் வரையச் சொன்னேன். எண் தெரியாத கிடேரிக்குப் பக்கத்து வட்டாரத்தோடு மாற்றிக்கொண்ட புதிய காளையை மட்டும் போடுவது என்று முடிவு செய்தோம். புதிய குச்சிகள் வந்து சேரும்வரை ஊசி எண்ணிக்கை சரிந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதிலில் என் பெயரைத் தவிர வேறு யார் பெயரையும் நான் எழுதவில்லை.

இந்தத் தொழிலில் இன்று போடும் ஊசி கன்றாக 9 மாதம் ஆகும். அது வளர்ந்து, சினையாகி, தலையீத்துப் பால் கறக்கும்போதுதான் தேர்வு சரியா தவறா என்று தெரியும். அதற்குள் பொறுப்பாளர் இடம் மாறிப் போயிருப்பார். 2009இல் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் காளைகளுக்கு மரபணுத்தொகுதி மதிப்பீடு (மரபணுவைப் பார்த்தே காளையின் தரத்தைக் கணிப்பது) அதிகாரபூர்வமாக வந்த பிறகு, மகள்களின் பால் அளவுக்குக் காத்திராமல் இளங்காளைகளைப் பொறுக்க முடிகிறது. ஆனால் அந்தக் கணிப்பே, மாடு வாரியாக எழுதிச் சேர்த்த பால் பதிவையும் வம்சாவளியையும் வைத்துத்தான் நடக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், ஆய்வகத்தைப் பற்றித்தான் மேலும் கேட்கிறார்கள்.

*

மேலே எழுதியவருக்கு: நாங்கள் காங்கயம் மாடு வைத்திருக்கிறோம். ஒரு பூச்சிக்காளைக்கு (இனப்பெருக்கத்துக்கென வைத்திருக்கும் காளைக்கு) பிறந்த கிடேரிகள் பருவத்துக்கு வருமுன் அந்தக் காளையைப் பட்டியை விட்டு மாற்றிவிட வேண்டும் என்பதில் எங்கள் அப்பாரு கண்டிப்பாக இருந்தார். எத்தனை அழகான காளையானாலும் தயங்க மாட்டார். கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) எல்லை வரை கூடவே நடந்து போய் வழியனுப்பிவிட்டு, அன்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.