டியோவைச் சிரிக்காமல் கேட்க முடியுமா?

ரிவர்ப்:
'ஹோலி டைவர்' பாட்டின் 1983 வீடியோவை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். ரோமத் தோலைப் போர்த்திக்கொண்டு, கையில் வாளோடு, பாழடைந்த தேவாலயத்துக்குள் விறைப்பாக நடந்து வருகிறார் ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. நாற்பதை எட்டிய மனிதர். வாள்வீச்சில் வேகமும் இல்லை, வீச்சும் இல்லை. குரல் அபாரம், அதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் வாள், அரக்கன், புலிச்சவாரி என்று முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல் பாடுகிறாரே, இதை நீங்கள் நிஜமாகவே சீரியஸாக எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை ஜாலிக்குக் கேட்கிறீர்களா? வம்புக்கு இழுக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பழைய கேசட்:
சீரியஸாகத்தான், தம்பி. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், டியோவுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கொம்பு முத்திரை தெரியும்தானே, ஆட்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டுவது? 1979-இல் பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவில் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் இடத்துக்கு டியோ வந்தார். ஆஸி மேடையில் இரண்டு விரலைக் காட்டுவது ரசிகர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதையே தானும் காட்டினால் காப்பி அடித்த மாதிரி ஆகிவிடும் என்று, தன் இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டும் முத்திரையை எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்பும் சிலர் மேடையில் காட்டியிருக்கிறார்கள். ஊரறியச் செய்தவர் இவர்தான். கேட்டவர்களிடம் சாத்தான், சூனியம் என்று நாலு பிட்டைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் பந்தாவாக இருந்திருக்கும். மனிதர் பாட்டியைத்தான் சொன்னார். இவரையா நடிக்கிறார் என்கிறீர்கள்?

டபுள்பேஸ்:
பாட்டி கதை நெஞ்சை நக்குகிறது, அண்ணே. அதே கொம்பைக் கிட்டத்தட்ட அப்படியே 2017-இல் கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் தன் பெயரில் டிரேட்மார்க் பதிய விண்ணப்பம் போட்டார். எல்லோரும் கழுவி ஊற்றியதும் இரண்டே வாரத்தில் வாபஸ் வாங்கினார். அவரிடமாவது ஒளிவுமறைவு இல்லை, வியாபாரம் வியாபாரம்தான் என்று சொல்லிவிட்டுச் செய்கிறவர்.

எனக்கு எரிச்சல் மனோவார் மாதிரி மெட்டல் குழுக்கள் மேல்தான். 1983-இல் மியூசிக் ஃபார் நேஷன்ஸ் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தங்கள் ரத்தத்தால் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருடம் வந்த 'இன்டூ குளோரி ரைட்' ஆல்பத்தின் அட்டையில் ரோமக் கோவணமும் வாளுமாக நிற்கிறார்கள். அப்புறம் 'போலி மெட்டலுக்கு மரணம்' என்று ஒரு முழக்கம். அசல் எது, போலி எது என்று சர்டிபிகேட் கொடுக்க இவர்கள் யார்? அந்த ரத்தக் கையெழுத்தைப் பத்திரிகைக்குச் சொல்லாமல் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

பழைய கேசட்:
அவர்களுடைய முதல் ஆல்பத்தில், 1982-இல், ஆர்சன் வெல்ஸ் குரல் கொடுத்திருக்கிறார். அவ்வளவு பெரிய இயக்குநர், விளையாட்டுக்காகவா வந்திருப்பார்?

டபுள்பேஸ்:
கடைசிக் காலத்தில் அவர் விளம்பரங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தார், அண்ணே. அதை மனோவாருக்குக் கிடைத்த சான்றாகக் கொள்ள முடியாது.

வெண்ணிலா:
இருவரும் டியோ மனதுக்குள் என்ன நினைத்தார் என்று சண்டை போடுகிறீர்கள். அது யாருக்குத் தெரியும்? தெருக்கூத்தில் துரியோதனன் வருவதைப் பாருங்கள். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து பாட்டு வரும், துணிக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும். அது மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியது என்று முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் துணி விலகும்போது ஒரு திடுக்கிடல் இருக்கும். கிரீடத்தை மாட்டியவர் அரை மனதோடு நின்றால்தான் அது மரக்கட்டையாகிவிடும். மெட்டலிலும் ஜிகினா இருப்பது குற்றமில்லை, ஜிகினாவைப் பார்த்துத் தானே கூச்சப்படுவதுதான் குற்றம்.

டபுள்பேஸ்:
உதாரணம் அருமை. ஆனால் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருத்தன் உண்டே, அவனை விட்டுவிட்டீர்களே? ராஜா பக்கத்திலேயே நின்று ராஜாவைக் கலாய்ப்பது அவன் வேலை. மெட்டலில் அந்த ஆள் இல்லை. அதனால்தான் 1984-இல் வெளியிலிருந்து, கற்பனையான ஒரு ராக் குழுவைப் பற்றிய 'ஸ்பைனல் டாப்' என்ற நையாண்டிப் படம் வந்து கலாய்க்க வேண்டியதாயிற்று. அந்தக் குழு மேடைக்குப் பதினெட்டு அடியில் ஸ்டோன்ஹெஞ்ச், அதாவது இங்கிலாந்தின் பழங்காலக் கல்தூண் வட்டம் மாதிரி ஒரு செட், கேட்கிறது, வரைபடத்தில் அங்குலம் என்று குறித்துத் தொலைத்ததால் மேடையில் பதினெட்டு அங்குலத்தில் இறங்குகிறது. அந்தக் காட்சியில் விழுந்து சிரித்தது முழுக்கச் சொந்த வீட்டு ரகசியம் வெளியே வந்த சிரிப்பு.

ரிவர்ப்:
இதில் ஒரு கூத்து, படம் வருவதற்கு முந்தைய வருடமே பிளாக் சபாத் 'பார்ன் அகெய்ன்' சுற்றுப்பயணத்துக்கு நிஜமாக ஸ்டோன்ஹெஞ்ச் செட் போட்டது. அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர் சொன்ன கதைப்படி, அடிக்கணக்கில் கேட்டதை மீட்டர் கணக்கில் செய்துவிட்டார்கள். பல அரங்குகளுக்குள் அது நுழையவே இல்லை. படத்தில் குட்டியாகப் போனது, நிஜத்தில் பூதமாகிவிட்டது. இத்தனைக்கும் படக்குழு அந்தக் காட்சியை 1982 மாதிரிப் படத்திலேயே எடுத்துவிட்டது, யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை.

வெண்ணிலா:
மெட்டலில் கட்டியங்காரன் இல்லை என்று யார் சொன்னது? அயர்ன் மெய்டன் குழுவின் மேடைக்கு அவர்களுடைய சின்னமான 'எடி' என்ற பிண உருவம் வருவதைப் பார்த்ததில்லையா? பத்தடி உயரப் பிணம் தள்ளாடி வரும், கிட்டார்காரர் ஜானிக் கெர்ஸ் அதன் காலுக்கு இடையில் புகுந்து ஓடுவார், கிட்டாரை அதன் பக்கம் வீசுவார். அதே மேடையில் ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜின் கவிதையை வைத்துப் பதின்மூன்றே முக்கால் நிமிடப் பாட்டு ஒன்றையும் சிரிக்காமல் பாடுவார்கள். இரண்டும் ஒரே ராத்திரியில் நடக்கும், ஒன்றால் மற்றது கெடுவதில்லை.

பழைய கேசட்:
நான் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி வருகிறேன். வேஷத்தை விடுங்கள், வேலையைப் பாருங்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவினர் 1980-இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தை பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் வீட்டில் பதிவு செய்தார்கள். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இயந்திர மனிதர்கள் அணிவகுத்து வர வேண்டும். ஒலிகளைச் சேர்த்துவைத்து வாசிக்கும் கருவி அவர்களிடம் இல்லை. சமையலறையிலிருந்து கரண்டி, கத்தி, முள்கரண்டித் தட்டுகளைத் தூக்கிவந்து, தாளத்துக்கு ஏற்றபடி மைக் முன்னால் குலுக்கிக் குலுக்கிப் பதிவு செய்தார்கள். அதே ஆல்பத்தின் 'பிரேக்கிங் த லா' பாட்டில் கேட்கும் கண்ணாடி உடைவது? பால் பாட்டில்கள். ஒரு பாட்டுக்குத் தோதாக ஸ்பூன் சத்தம் கிடைக்கும்வரை மெனக்கெடுகிறவனிடம் 'நீ உண்மையாகத்தான் செய்கிறாயா' என்று என்னத்தைக் கேட்பது?

வெண்ணிலா:
ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல், ஆணி என்று அவர் போட்டதை எல்லோரும் வேஷம் என்றார்கள். 1998-இல் எம்டிவியில் தான் ஒரு கே என்று சொன்ன பிறகு, அந்த உடைதான் அவர் பேசாத உண்மை என்று பலரும் எழுதினார்கள்.

பழைய கேசட்:
அதை அவரே ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா. இசை கனமாக இருந்தது, அதற்கேற்ற உடை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்கிறார். நம் வசதிக்கு அவருக்கு ஒரு ரகசியத்தை மாட்டிவிட வேண்டாம்.

டபுள்பேஸ்:
'பிரிட்டிஷ் ஸ்டீல்' பற்றிப் பேசுகிறவர்கள் அதே குழுவின் 1986 ஆல்பம் 'டர்போ' பற்றி வாயே திறப்பதில்லை. கிட்டார் சின்தசைசர், விசிறிவிட்ட தலைமுடி, அமெரிக்க ரேடியோவுக்கு ஏற்ற பாட்டுகள். கரண்டி குலுக்கிய அதே கைகள்தானே? ஸ்பூனில் இருந்த உண்மை ஆறு வருடத்தில் எங்கே போயிற்று?

பழைய கேசட்:
டர்போவையும் கேட்பேன். அதில் 'அவுட் இன் த கோல்ட்' பாட்டை மட்டும் ஒரு தரம் ஹெட்போனில் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம். சின்தசைசர் இருப்பதால் அந்தக் குரல் பொய்யாகிவிடவில்லை. மற்ற சில பாட்டுகளுக்கு நான் ஜாமீன் தர மாட்டேன்.

ரிவர்ப்:
கரண்டிச் சத்தத்தைத் தேடிக் கேட்டேன், தலைவா. நன்றாகவே கேட்கிறது, இனி அந்தப் பாட்டை வேறு மாதிரி கேட்க முடியாது. கையோடு அந்த 'இன்டூ குளோரி ரைட்' அட்டையையும் தேடிப் பார்த்தேன். மன்னிக்கவும், அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது என்னால் ஆகாத காரியம்.