'எல்லாம் மனசுதான்' என்று திருப்பி அனுப்பப்பட்ட அனுபவங்கள்

கரையோரம்:
மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் குத்துகிறது என்று அக்கா சொன்னாள். அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் முதலில் நன்றாகத்தான் விசாரித்தார். எப்போது ஆரம்பித்தது, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எல்லாம் கேட்டார். அப்புறம் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார். எஸ்சிட்டலோபிராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மாத்திரை, என்றாள் அக்கா. உடனே அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு கேள்விகூட இல்லை. "வீட்ல ஏதாவது பிரச்சினையா? சரியா தூங்கறாங்களா?" எல்லாம் என்னிடம்தான். அக்கா பக்கத்திலேயே மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு டாக்டர்" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பதற்றம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி. கெண்டைக்காலில் உறைந்த ரத்தம் பிரிந்து மேலே போய் அடைத்திருக்கிறது. இப்போது தேறிவிட்டாள். நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. அந்த நாற்காலி திரும்பியதை முடியவில்லை.

மழைத்தூறல்:
எங்கள் அம்மாவுக்கு நடந்ததும் இதுதான், ஆனால் மெதுவாக. சோர்வு, எதிலும் ஈடுபாடு இல்லை, பேச்சே குறைந்துவிட்டது. மனச்சோர்வு என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல மாத்திரையின் அளவுதான் கூடியது. கடைசியில் வயதான ஒரு மருத்துவர் அம்மாவை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கிற நாணில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்ல, ரொம்ப மெல்லத் திரும்பியது. "பாத்தீங்களா?" என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தைராய்டு சுரப்பு குறைந்தால் அப்படி ஆகுமாம். ரத்தத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. அதை ஆரம்பத்திலேயே பார்த்திருக்கலாம். மனச்சோர்வு மாதிரியே தோன்றுகிற உடல் நோய்களில் தைராய்டு குறைவு ரொம்பப் பொதுவானது. அதைப் பார்க்காமல் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனது என்ன நியாயம்?

நீலவண்டு:
என் கதை கொஞ்சம் வேறு. எனக்கு வந்தது உண்மையிலேயே பீதித் தாக்கம்தான், இதயம் இல்லை. ஆனால் நெஞ்சு இறுகி, வாயைச் சுற்றி மரத்து, விரல்களெல்லாம் தானாக உள்ளே மடங்கிக்கொண்டபோது இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இசிஜி எடுத்தார்கள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், "ஒண்ணுமில்ல, போகலாம்" என்றார்கள். ஒன்றுமில்லையா? என் விரலை என்னால் நீட்ட முடியவில்லை! ஆம்புலன்ஸில் கூட வந்தவர்தான் காரணம் சொன்னார். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் கால்சியம் சமநிலை மாறித் தசை இழுத்துக்கொள்கிறது, மூச்சு நிதானமானால் விரல் தானே விரியும் என்றார். விரிந்தது. 'மனசுதான்' என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. மனசு என்றால் பொய் என்கிற மாதிரி சொன்னதில்தான் கோபம். மேலே எழுதிய இருவரும் 'கடைசியில் உடம்பு நோய்தான் இருந்தது, ஆகவே நாங்கள் சொன்னது சரி' என்று முடிக்கிறீர்கள். எதுவும் அகப்படவில்லை என்றால் எங்கள் அவஸ்தை பொய்யாகிவிடுமா?

இரவுப்பணி:
நான் செவிலியர், அவசரப் பிரிவு. கரையோரம், உங்கள் அக்காவை நடத்திய விதம் தவறு. ஒரு கால் மட்டும் வீக்கம் என்பது விட்டுவிடக்கூடிய அறிகுறியே இல்லை. ஆனால் நெஞ்சு வலி என்று வருகிற எல்லோருக்கும் சிடி ஸ்கேன் எடு என்று கேட்பதும் சரியாகாது. கதிர்வீச்சு இருக்கிறது, சாய மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற டி-டைமர் அளவு வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தக்கட்டி இல்லாமலேயே ஏறியிருக்கும். அதனால்தான் முதலில் கேள்வி கேட்டு, காலைத் தொட்டுப் பார்த்து, நாடி எண்ணி, ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை வந்தது. அதற்கு நோயாளியின் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

என்னை விடாமல் துரத்துகிற ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் எடுத்துக்கொண்டிருந்தவர். "வயித்துக்குள்ள பாம்பு சுருண்டு படுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார் என்றார் கூட இருந்தவர். பணியில் இருந்த பெண் மருத்துவர் மட்டும் வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருந்தது. குடல் அடைப்பு. குளோசபின் குடலின் அசைவையே குறைத்துவிடும், அதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இந்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. தன் வலியைத் தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னார் அந்த மனிதர். அவ்வளவுதான்.

ஒற்றையடி:
அண்ணனுக்கு முதுகு வலி. இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் மாதிரி இறங்கும். 'பவர்ஃபுல் ஊசி' என்று ஒன்று போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்ததாகச் சொன்னான், முகமே தெளிந்தது. அப்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சிரித்தபடி சொன்னார்: "வெறும் சலைன்தான் போட்டேன். பாத்தீங்களா, எல்லாம் மனசு." அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிற்பாடு எம்ஆர்ஐயில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது.

வெற்று மருந்தில் வலி குறைந்தால் வலி பொய் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. 1978-லேயே லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர், கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வெற்று மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி கூடியது. நலோக்சோன் மார்ஃபினைத் தடுக்கிற மருந்து. அப்படியென்றால் வலியைக் குறைத்தது உடம்பே சுரந்த வலிநிவாரணி. நம்பிக்கையில் அது சுரக்கிறது, அண்ணனுக்கும் அதுதான் சுரந்திருக்கும். ஏமாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2010-ல் குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் 'இதில் மருந்து இல்லை' என்று சொல்லியே ஒரு பிரிவினருக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்காத பிரிவைவிட அவர்களுக்கு நிவாரணம் அதிகம் இருந்தது. நோயாளியிடம் பொய் சொல்லி ஊசி போட்டு, அதையே அவருக்கு எதிரான சாட்சியாகவும் வைப்பதை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கூழாங்கல்:
இதையெல்லாம் பார்த்துத்தான் நான் என் மனநல மாத்திரைகளைப் பற்றி மற்ற டாக்டர்களிடம் சொல்வதையே நிறுத்திவிட்டேன். ஒருமுறை தோல் அரிப்புக்குப் போனபோதுகூட "ஸ்ட்ரெஸ்" என்றார்கள். அவர் என் கையைப் பார்க்கக்கூட இல்லை. சொல்லாமல் போனால் முழுமையாகப் பரிசோதிக்கிறார்கள். இது என் உடம்பு, எதைச் சொல்வது என்பது என் உரிமை.

மழைத்தூறல்:
கூழாங்கல், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் கேட்கவில்லை, தெரியும், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உரிமை உங்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்துகள் நம் உரிமையைப் பார்த்து வேலை செய்வதில்லை. லித்தியம் எடுப்பவர் வலிக்கு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நச்சாகலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். மனச்சோர்வு மாத்திரையோடு டிரமடால் சேர்ந்தால் செரோடோனின் எக்கச்சக்கமாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று போகும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவு வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டும், ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன் தெரிந்தாக வேண்டும். மறைப்பதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, தலைசுற்றலும் மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும்.

மறைப்பதற்குப் பதில் அம்மாவுக்காக நாங்கள் செய்வதைச் செய்து பாருங்கள். முதலில் உடம்புத் தொந்தரவைத் தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுப்போம். மாத்திரைப் பட்டியல் அந்தத் தாளின் கீழே இருக்கும். டாக்டர் 'மனசு' என்று ஆரம்பித்தால், "இந்த நோய்ப் பெயர் இல்லாத ஒருவர் இதே தொந்தரவோடு வந்தால் என்ன பரிசோதனை செய்வீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்விக்கு நின்று யோசிக்கிறார்கள். அப்படியும் வேண்டாம் என்றால், என்ன கேட்டோம், ஏன் தேவையில்லை என்கிறார்கள் என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கூட வருபவரிடம் பேச ஆரம்பித்தால் கூட வருபவர்தான் "அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்ல வேண்டும். நோயாளி சொன்னால் அதையும் பதற்றக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

நீலவண்டு, உங்களுக்கும் ஒரு பதில். நீங்கள் சொன்னது நியாயம்தான், பீதியும் நோய்தான். ஆனால் தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதயநோய், தொற்று மாதிரியான உடல் நோய்கள். ஆகவே உடம்பைப் பார் என்று நாங்கள் கத்துவது உங்கள் அவஸ்தையைச் சிறுமைப்படுத்துவதற்காக இல்லை.

நீலவண்டு:
சிறுமைப்படுத்துகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. எதுவும் அகப்படாதவர்களுக்கும் ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டும் என்கிறேன். ஆம்புலன்ஸ்காரர் சொன்னதை டாக்டர் சொல்லியிருந்தால் மறுபடி மறுபடி அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்க மாட்டேன்.

கூழாங்கல்:
லித்தியம் நான் எடுக்கவில்லை, டிரமடால் விஷயம் தெரியாது. சரி, வரப்போகிற அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லிவிடுகிறேன். கண் டாக்டரிடம் மட்டும் சொல்ல மாட்டேன். கண்ணாடி மாற்ற என் மனநிலை எதற்கு?

இரவுப்பணி:
அவரிடமும் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில கண்ணின் பாப்பாவை விரிக்கும். கண்ணின் முன்கோணம் இயல்பிலேயே குறுகலாக இருப்பவர்களுக்கு அதனால் கண் அழுத்தம் திடீரென்று ஏறலாம். கோணம் எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.